எங்க வீடு 🏠 குழு – கார்த்தி வாங்கின நீல லேபிள்

கார்த்தி (மெம்பிஸ்): 📷 இன்னைக்குக் கிடைச்சது. சாம் அண்ட் டேவ் பாடின ‘சோல் மேன்’, 1967. ஏழு அங்குல 45, அதாவது நிமிஷத்துக்கு 45 சுத்து சுத்துற இசைத்தட்டு. ரெண்டு வருஷமாத் தேடினேன்!!

சுமதி சித்தி: அதான் போன்லயே கேக்கலாமேப்பா. பழசை ஏன் காசு கொடுத்து வாங்குற?

கார்த்தி: லேபிளைப் பாருங்க சித்தி. வெளிர் நீலம், தட்டு அடுக்கின மாதிரி படம். அதுதான் இந்த ஊர்ல இசைத்தட்டு போட்ட ஸ்டாக்ஸ் கம்பெனியோட பழைய லேபிள். 1968க்கு அப்புறம் மஞ்சளாயிடுச்சு, விரல் சொடுக்குற படம் வந்தது

திவ்யா: கலர் ஏன் மாத்தினாங்க?

கார்த்தி: பெரிய சோகம்டி அது. 1965ல ஸ்டாக்ஸ் தட்டுகளை வித்துக் கொடுத்த அட்லாண்டிக்ங்கிற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியோட போட்ட ஒப்பந்தத்தை ஸ்டாக்ஸ் முதலாளி முழுசாப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டார். 68ல பிரியும்போதுதான் தெரிஞ்சது, அதுவரைக்கும் அட்லாண்டிக் வித்த பாட்டோட மூல டேப் எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம்னு. சாம் அண்ட் டேவும் அங்கயே போயிட்டாங்க. அப்புறம் ஸ்டாக்ஸ் தனியா, புது லேபிளோட ஆரம்பிச்சது. அதுக்கு முந்தின டிசம்பர்லதான் ஸ்டாக்ஸோட பெரிய பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் விமான விபத்துல போயிட்டார். வயசு 26

திவ்யா: ஐயோ 😔

கார்த்தி: மெக்லெமோர் அவென்யூல ஒரு பழைய சினிமா கொட்டகைதான் அவங்க ஸ்டுடியோ. கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடவே முடியாத ஊர்ல, உள்ள ஒண்ணா வாசிச்சாங்க. 1989ல இடிச்சுட்டாங்க. இப்ப அதே இடத்துல மியூசியம் இருக்கு. நீல லேபிளைக் கையில எடுத்தா எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வரும்

பெரியப்பா: தம்பி நடு ஓட்டை ஏன் இவ்வளவு பெருசா இருக்கு. நம்ம ஊர் தட்டுல சின்னதாத்தானே இருக்கும்

கார்த்தி: அமெரிக்கா 45 அப்படித்தான் பெரியப்பா. நடுவுல ஒரு பிளாஸ்டிக் வட்டு வச்சுத்தான் போடணும்

பெரியப்பா: சரி. ஓரத்தைப் பிடிச்சு எடு. வரி மேல விரல் படக்கூடாது. படுக்க வச்சு அடுக்காதே வளைஞ்சிடும். நிமிர்த்தி வை

கார்த்தி: சரி பெரியப்பா. போன ஜூலைல ஒரு தட்டைக் கார்லயே வச்சுட்டுக் கடைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா ஓரம் அலை அலையா இருந்தது. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல

பெரியப்பா: ஊசி தேஞ்சிருக்கான்னு பாரு. தேஞ்ச ஊசி தட்டையே செதுக்கிடும்

கார்த்தி: புது ஊசிதான். இந்த ஊர் 45 நிறைய, வழக்கமா தட்டு செய்யுற வினைல் பிளாஸ்டிக்கே இல்ல பெரியப்பா, ஸ்டைரீன்னு வேற பிளாஸ்டிக். ஊசி கனமா இறங்கினா சீக்கிரமே கரகரன்னு ஆயிடும். அதனால பாரத்தை அளந்துதான் வைப்பேன்

கார்த்தி: 🎤 0:58

சுமதி சித்தி: பின்னாடி அப்பளம் பொரியுற சத்தம் கேக்குதே

கார்த்தி: அது தட்டோட சத்தம் சித்தி ❤️ அம்பது வருஷத்துக்கு மேல யார் யார் வீட்லயோ ஓடியிருக்கு

பெரியப்பா: நடுவுல யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுறாரே

கார்த்தி: ஆமா பெரியப்பா!! கிட்டார் வாசிச்ச ஸ்டீவ் க்ராப்பரை. வாசின்னு உற்சாகப்படுத்துறார். அதை அப்படியே தட்டுல விட்டுட்டாங்க

பெரியப்பா: நல்லா இருக்கு. திருப்பிப் போட்டு மறுபக்கமும் அனுப்பு