ஸ்காபரோ தூண்டில் குழு: பிக்கரலுக்கு ஃப்ளை ரொட்

வியாழன்

நிரோஷன், 6:42
எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை பின்னேரம் ரைஸ் லேக் போறம். என்னட்ட ட்ரவுட் மீனுக்கு வாங்கின 5 வெயிட் ஃப்ளை ரொட்டும் (முடியால கட்டின பொய் இரையை எறியுற தூண்டில்) மிதக்கிற லைனும் இருக்கு. உதால பிக்கரல் மீன் பிடிக்கலாமோ?

குகன் அண்ணை, 6:47
மீன் கரைக்கு ஏறி வாற நேரத்தில பிடிக்கலாம் தம்பி. மற்ற நேரத்தில உந்த லைனோட கஷ்டம். பிக்கரல் அடியை ஒட்டி நிக்கிற மீன். மிதக்கிற லைனை இழுக்க இழுக்க அது ஃப்ளையையும் மேல தூக்கிக்கொண்டு வரும். மீன் 3 மீற்றரில நிக்க, உம்மட ஃப்ளை ஒரு மீற்றரில போய்க்கொண்டிருக்கும். நாள் முழுக்க எறிஞ்சாலும் அது காணாது.

குகன் அண்ணை, 6:50
7 அல்லது 8 வெயிட், 9 அடி ரொட் நல்லது, நம்பர் கூடினால் ரொட் பலம் கூட. 5 வெயிட் ஈயக்கண் வைச்ச ஃப்ளையைத் தூக்காது. தூக்கினாலும் பின்னால போய்த் திரும்பேக்க தொய்ஞ்சு ரொட் நுனியில அடிபடும். அந்த அடியில கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், பேந்து ஒரு நாள் சின்ன மீனுக்கே ரொட் முறியும்.

சிவா மாமா, 6:53
கடையிலயோ ஒன்லைனிலயோ தேடேக்க பிக்கரலுக்கு வால்ஐ எண்டும் போட்டிருக்கும். ஒன்ராறியோக்காரர் பிக்கரல் எண்டுறது, கியூபெக்கில டொரே எண்டுறது, எல்லாம் ஒரே மீன்தான். எங்கட ஊர் வாளையோட குழப்பாதேங்கோ, ரெண்டுக்கும் ஒரு சொந்தமும் இல்லை.

நிரோஷன், 6:55
மச்சானிட்ட 8 வெயிட் இருக்கு, இரவல் வாங்கலாம். லைன் என்ன வாங்க?

குகன் அண்ணை, 7:01
தாழுற லைன் ஒண்டு. பெட்டியில டைப் 3, டைப் 6 எண்டு இருக்கும். டைப் 3 செக்கனுக்கு ஏறக்குறைய 3 அங்குலம் தாழும், டைப் 6 எண்டால் 6 அங்குலம். முன்பக்கம் மட்டும் தாழுற சிங்க்-டிப் லைனும் சரி, 8 வெயிட்டுக்கு 250 கிரெய்ன் (லைன்ர பாரம்) அளவு பாரும். ரைஸ் லேக் ஆழமில்லாத ஏரி, பாசி விளிம்புகள் கனக்க இடத்தில 2.5 முதல் 4 மீற்றருக்குள்ள. ஒரே ஒரு லைன்தான் வாங்கலாம் எண்டால் டைப் 6 எடும்.

குகன் அண்ணை, 7:04
அடுத்தது லீடர், லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில கட்டுற மெல்லிய நூல். இதிலதான் ட்ரவுட் பழக்கத்தில வாறவை எல்லாரும் பிழைவிடுறவை. தாழுற லைனுக்கு 9 அடி லீடர் போட்டால், லைன் அடிக்குப் போயிடும், ஃப்ளை மேலயே மிதந்துகொண்டு நிக்கும். மொத்தம் 5 அடிக்கு மேல வேண்டாம். 20 இறாத்தல் தாங்குற தங்கூசி 3 அடி, அதோட 12 இறாத்தல் ஃப்ளூரோகார்பன் நூல் 2 அடி. அவ்வளவுதான்.

நிரோஷன், 7:05
பிக்கரலுக்குப் பல்லு இருக்கே, கம்பி போட வேண்டாமோ?

சிவா மாமா, 7:08
பிக்கரலின்ர பல்லு ஊசிமாதிரி, பிடிக்கிற பல்லு. அது தங்கூசியை அறுக்காது, ஆனால் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு அடியை விரலால தடவிப் பாரும். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிப்போட்டுத் திருப்பிக் கட்டும். அறுக்கிறது மஸ்கி எண்ட பெரிய மீன். ரைஸ் லேக்கில அது தாராளம். பயமெண்டால் நுனியில ஒரு சாண் 30 இறாத்தல் ஃப்ளூரோ போடும். கம்பி போட்டால் ஃப்ளை உயிரில்லாமல் வரும்.

யாழினி, 7:15
ஃப்ளைக்கு க்ளௌசர் மினோ எண்ட வகை காணும் தம்பி. பொப் க்ளௌசர் பென்சில்வேனியாவில ஸ்மோல்மௌத் பாஸ் மீனுக்கு எண்டு கட்டினது, பிக்கரலுக்கு அளந்து செய்தமாதிரி. ஈயக்கண் தூண்டில் முள்ளின்ர தண்டுக்கு மேல கட்டுறபடியால் தண்ணிக்குள்ள ஃப்ளை கவிழ்ந்து, முள் நுனி மேல பாத்துக்கொண்டு போகும். அடியில இழுத்தாலும் கொழுவுறது குறைவு.

யாழினி, 7:22
நீங்களே கட்டுறதெண்டால்: 2ஆம் நம்பர் முள், 1/24 அவுன்ஸ் டம்பெல் கண் (ரெண்டு குண்டு சேந்த ஈயக்கண்). நூலைத் தண்டில சுத்தி, முள்ளின்ர காதில (லீடர் கட்டுற ஓட்டை) இருந்து மூண்டில ஒரு பங்கு பின்னுக்குக் கண்ணை வையுங்கோ. எட்டுப்போல குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பன்ரெண்டு சுத்து, பிறகு ஒரு துளி சூப்பர் குளூ. குளூ இல்லாட்டி ரெண்டு மீனோட கண் சுழண்டுபோய் ஃப்ளை சரிஞ்சு நீந்தும். வெள்ளை மான்வால் முடியைக் கண்ணுக்கு முன்னால கட்டி, ரெண்டு கண்ணுக்கும் நடுவால எடுத்துப் பின்னாலயும் கட்டுங்கோ. இனி முள்ளைக் கவிட்டுப் பிடிச்சு, மினுக்கு நூல் ஏழெட்டு, அதுக்கு மேல கிளிப்பச்சை முடி. முடியின்ர நீளம் தண்டைப்போல ரெண்டரை மடங்கு.

யாழினி, 7:24
முடி ஒரு நெருப்புக்குச்சித் தடிப்புக்கு மேல போடாதேங்கோ. கையில பாக்க மெல்லிசாத்தான் தெரியும், ஆனால் கூடப் போட்டால் முடி தண்ணியில விரிஞ்சு ஃப்ளையைத் தாழ விடாது. பிறகு உந்த டைப் 6 லைன் வாங்கியும் பிரயோசனம் இல்லை.

நிரோஷன், 7:26
நிறம்?

குகன் அண்ணை, 7:27
கிளிப்பச்சை, வெள்ளை.

யாழினி, 7:30
வெளிச்சம் இருக்கும்வரைக்கும் சரி அண்ணை. அங்க பிக்கரல் தின்னுறது கனக்க மஞ்சள் பேர்ச் எண்ட சின்ன மீன், அதால ஒலிவ் பச்சையும் மஞ்சளும் கலந்ததும் கைவசம் வேணும். நல்லா இருண்டாப் பிறகு அட்டைமாதிரிக் கட்டின கறுப்பு முயல்தோல் லீச் ஃப்ளையைத்தான் நான் நம்புவன். கீழ இருந்து பாக்கேக்க வானத்துக்கு எதிராகக் கறுப்புத்தான் வடிவா உருவம் காட்டும்.

குகன் அண்ணை, 7:31
ஓம், இருட்டுக்குக் கறுப்பு. அதை ஒப்புக்கொள்ளுறன்.

நிரோஷன், 7:33
நேரம் எப்ப சரி? நாங்கள் 4 மணிக்குப் போய் 8 மணிக்கு வெளிக்கிடுறதா யோசிச்சம்.

சிவா மாமா, 7:39
வெளிக்கிடுற நேரத்திலதான் தொடங்கவேணும் ராசா. ஜூனில 9 மணியளவிலதான் பொழுதுபடும். எட்டரையில இருந்து பத்தரை வரைக்கும் நில்லுங்கோ. பிக்கரலின்ர கண்ணுக்குப் பின்னால வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற படலம் ஒண்டு இருக்கு, ரோச் லைற் அடிச்சால் பூனைக்கண்போல மினுங்கிறது அதாலதான். மங்கலில அதுக்கு வடிவாத் தெரியும், பேர்ச்சுக்குத் தெரியாது. அந்த நேரம்தான் ஆழத்தில நிண்டது பாசி விளிம்புக்கு ஏறி வந்து வேட்டையாடும். அப்ப 2 மீற்றருக்குக் குறைஞ்ச இடத்தில மிதக்கிற லைனும் வேலைசெய்யும்.

சிவா மாமா, 7:42
பகலில போறதெண்டால் காத்து வேணும். காத்து அடிச்சுத் திரை எழும்பினால் வெளிச்சம் உள்ளுக்கு இறங்காது, கரைத்தண்ணியும் கொஞ்சம் கலங்கும். அந்தத் திரை அடிக்கிற கரைக்குத்தான் போகவேணும். கண்ணாடிபோல தண்ணி, சுள்ளெண்ட வெயில், முதல்நாள் குளிர்காத்து வந்து வானம் வெளிச்சிருக்கு எண்டால் பகலில மினக்கெடாதேங்கோ.

நிரோஷன், 7:43
காத்துக்கு எதிரா ஃப்ளை எறியுறது எப்பிடி மாமா?

குகன் அண்ணை, 7:49
எதிரா எறிய வேண்டாம். காத்து உம்மட இடது தோளில படுறமாதிரி நில்லும், வலதுகைக்காரன் எண்டால். வலப்பக்கத்தால அடிச்சால் ஈயக்கண் நேர உம்மட தலைக்கு வரும். வேற வழியில்லை எண்டால் ரொட்டை இடது தோளுக்கு மேலால சரிச்சு எறியும். தொப்பி, கண்ணாடி ரெண்டும் கட்டாயம், இருட்டுக்கு நிறமில்லாத கண்ணாடி.

குகன் அண்ணை, 7:51
பாரமான ஃப்ளையை ட்ரவுட்டுக்குப்போல முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு நிக்கக்கூடாது. முதல் லைனை மேலுக்கு இழுத்து எடுத்து, பக்கவாட்டால பின்னுக்குக் கொண்டுபோய், நிக்காமல் சுத்தி மேலால முன்னுக்கு. ஒரு ஆட்டு, அதோட விடு. 15 மீற்றர் போனால் காணும்.

நிரோஷன், 7:52
ஃப்ளை அடியில நிக்குதா எண்டு எப்பிடித் தெரியும்?

குகன் அண்ணை, 8:00
இதுதான் முழு விசயமும். எண்ணவேணும். டைப் 6 லைன் செக்கனுக்கு 6 அங்குலம், அதாவது 15 சென்ரிமீற்றர். 3 மீற்றர் ஆழத்துக்கு 20 செக்கன். ஃப்ளை தண்ணியில விழுந்த உடனை எண்ணத் தொடங்கும். 20இல இழுக்கத் தொடங்கி, முள்ளில பாசி வந்தால் அடுத்த எறிக்கு 18. பாசி வராட்டி 22. பாசி ஒரு நூல் வந்தும் வராமலும் இருக்கிற எண்தான் உமக்கு வேணும். அந்த எண்ணை விடாதேயும். போட் ஒரு இருபது அடி அசைஞ்சால் திருப்பி எண்ணும்.

குகன் அண்ணை, 8:03
கொத்துது இல்லை எண்ட உடனை எல்லாரும் ஃப்ளையைத்தான் மாத்துவினம். எண்ணைத்தான் முதல் மாத்தவேணும். சரியான ஃப்ளை பிழையான ஆழத்தில போனால் மீன் வராது. ஆழம் சரியெண்டால் சுமாரான ஃப்ளைக்கும் வரும்.

சிவா மாமா, 8:05
போட்டையும் பாசி விளிம்புக்கு நேர்எதிரா விடாதேங்கோ. விளிம்புக்குப் பக்கத்தில நங்கூரம் போட்டு, விளிம்பு நீளத்துக்கு எறியுங்கோ. குறுக்கால எறிஞ்சால் ஃப்ளை ரெண்டு மீற்றர்தான் மீன் நிக்கிற இடத்தில போகும். நீளத்துக்கு எறிஞ்சால் முழு இழுவையும் அங்கதான்.

நிரோஷன், 8:07
இழுக்கிற வேகம்?

குகன் அண்ணை, 8:13
ரொட் நுனி தண்ணியைத் தொட்டபடி, லைனுக்கு நேர. ஒரு கை அகலம் ஒரு கை அகலமா ரெண்டு இழுவை, பிறகு ரெண்டு மூண்டு செக்கன் சும்மா விடும். விடேக்க ஃப்ளை தலைகுத்தி இறங்கும், அப்பதான் கனக்க மீன் எடுக்கும். அதுக்காகத்தான் ஃப்ளையை இறுக்கிக் கட்டாமல் ஆடக்கூடியமாதிரித் தடம்போட்டுக் (வளையமா முடிச்சு) கட்டச் சொல்லுறது. தண்ணி 10 பாகை செல்சியசுக்குக் கீழ எண்டால் இன்னும் மெல்ல.

குகன் அண்ணை, 8:16
பாஸ் மாதிரி அடிச்சு இழுக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தால் தவறிப்போம். பிக்கரல் வாயைத் திறந்து உறிஞ்சுறது. கைக்கு ஈரச்சீலை ஒண்டு கொழுவினமாதிரித்தான் தெரியும், சிலநேரம் இறங்கிற லைன் இடையில நிண்டுபோம். பாசியோ மீனோ எண்டு யோசியாமல் இடதுகையால லைனை ஒரு முழம் நேர இழும். ரொட்டைத் தூக்கக்கூடாது! தூக்கினால் ரொட் வளைஞ்சு இழுவையை உறிஞ்சிப்போடும், முள் அந்த எலும்பு வாயில ஏறாது. இழுத்துப் பாரம் தெரிஞ்சால் மட்டும் ரொட்டைத் தூக்கும். பாசியெண்டால் நட்டமில்லை, ஃப்ளை அதே ஆழத்தில நிக்கும்.

யாழினி, 8:18
லைன் காலுக்குள்ள சிக்காமல் இருக்க உடுப்புக் கூடை ஒண்டு கொண்டுபோங்கோ தம்பி. இருட்டில உதவி தெரியும்.

சிவா மாமா, 8:26
இனிச் சட்டம். ரைஸ் லேக் ஒன்ராறியோவின்ர 17ஆம் மீன்பிடி வலயம். பிக்கரல் மே ரெண்டாம் சனியில இருந்து நவம்பர் 15 வரைக்கும். ஸ்போர்ட் லைசன்சுக்கு 4 மீன், கொன்சர்வேசன் லைசன்சுக்கு 1. வைச்சிருக்கிறது 35 முதல் 50 சென்ரிமீற்றருக்குள்ள இருக்கவேணும். வாலை ஒண்டாச் சேத்துப்பிடிச்சு அளக்கவேணும். 51 எண்டால் அது போகவேணும், முட்டை போடுற பெரிய மீன் அதுதான். பக்கத்தில இருக்கிற லேக் ஸ்கூகொக்கில பிக்கரல் பிடிக்கத் தடை, அங்க தற்செயலாப் பிடிபட்டாலும் உடனை விடவேணும். பே ஒஃப் குயின்ரே 20ஆம் வலயம், அளவு வேற. போக முதல் அந்த வருசத்து மீன்பிடிச் சட்டச் சுருக்கத்தை ஒருக்காத் திறந்து பாருங்கோ.

சிவா மாமா, 8:28
லொக் கேற்றுக்கு (போட் ஏத்தி இறக்கிற கதவு) கிட்டவும் பாலத்தில நிண்டும் எறிய வேண்டாம். போட்டில லைற், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெற். விடுற மீனைப் பூவுக்குள்ள (செவுளுக்குள்ள) விரல் விட்டுத் தூக்காதேங்கோ, பூ மூடியின்ர விளிம்பு கத்திபோல, முதுகுச் செட்டையும் குத்தும். கையை நனைச்சு வயித்துக்குக் கீழ தாங்குங்கோ. முள் நுனிக்குப் பின்னால இருக்கிற கொழுவியை முதலே குறட்டால நசிச்சு விட்டால் கழட்டுறது சுகம்.

சுதா அக்கா, 8:34
நாலு மீன் வந்தால் ஒண்டு இஞ்சால வரட்டும் 😊 ஏரியிலயே வெட்டித் துண்டாக்கிக் கொண்டு வரலாமோ சிவா அண்ணை? மணக்காமல் இருக்குமே.

சிவா மாமா, 8:37
கூடாது தங்கச்சி. அளவுக் கட்டுப்பாடு இருக்கிற இடத்தில, ஒபிசர் மறிச்சால் என்ன மீன், எத்தினை, எவ்வளவு நீளம் எண்டு பாக்கக்கூடியமாதிரி இருக்கவேணும். முழுசா ஐஸ்பெட்டியில, வீட்டை வந்து வெட்டுறது.

சுதா அக்கா, 8:43
அப்ப சரி. வெட்டேக்க கன்னத்துச் சதையை எறியாதேங்கோ, ரெண்டு பக்கமும் காசளவு துண்டு, அதுதான் நல்ல இடம். இது மெல்லிய வெள்ளைச் சதை, புளிக்குழம்பில கன நேரம் கொதிக்க விட்டால் கரைஞ்சுபோம். ஈரத்தைத் துடைச்சு மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டிக் கால் மணித்தியாலம் வைச்சுப் பொரியுங்கோ. சொதிக்கெண்டால் எல்லாம் கொதிச்சாப்பிறகு கடைசி ஐஞ்சு நிமிசம். பெரிய மீனில பாதரசம் கூட, பிள்ளையளுக்குச் சின்னதைத்தான் குடுக்கிறது.

நிரோஷன், 8:47
எல்லாருக்கும் நன்றி. டைப் 6 லைன், 5 அடி லீடர், கிளிப்பச்சையும் கறுப்பும். குகன் அண்ணை, 2.5 மீற்றர் எண்டால் எத்தினையில தொடங்க?

குகன் அண்ணை, 8:49
17 அளவில வரும். 16இல தொடங்கும், பாசி தொடும்வரைக்கும் ஒவ்வொண்டாக் கூட்டும்.