கல்லூரி கபடி அணி: ரெய்டுல போனஸுக்கு எவ்வளவு, டச்சுக்கு எவ்வளவு?

செம்மண்_களம் (கேள்வி):

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி ஆண்கள் அணிக்குப் பயிற்சி பாத்துக்கிறேன். இன்டர் காலேஜ் போட்டி நெருங்குது. பிடி ஓரளவு நிக்குது, சிக்கல் ரெய்டுலதான்.

மெயின் ரெய்டர் ரெண்டு பேர். ஒருத்தன் போனஸுக்குன்னே (எதிரணிப் பக்கம் இருக்கிற போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வச்சு எடுக்கிற புள்ளி) போறவன். நல்ல உயரம், நீளமான கால், ஆனா யாரையும் தொட மாட்டான். இன்னொருத்தன் ரன்னிங் ஹேண்ட் டச் (ஓடிக்கிட்டே கையால தொடுறது) மட்டும். வேகம் உண்டு, ஆழம் போக மாட்டான், போனஸ் கோட்டைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். மூணாவது ஒரு ஆல்ரவுண்டர், டூ ஆர் டை (ரெண்டு ரெய்டு வரிசையாக் காலியாப் போனா, மூணாவதுல புள்ளி எடுத்தே ஆகணும், இல்லாட்டி ரெய்டர் அவுட்) வந்தா அவனை அனுப்புறோம்.

முதல் பத்து நிமிஷம் புள்ளி வருது. அதுக்கப்புறம் எதிரணி ரெண்டு பேரையும் படிச்சிடுறாங்க. போனஸ் பையன் போனா கார்னர் (ஓரத்துல நின்னு பிடிக்கிறவன்) கோட்டுக்கிட்ட வந்து காலுக்குக் காத்திருக்கான். டச் பையன் போனா ஏழு பேரும் பின்கோட்டை ஒட்டிப் போயிடுறாங்க. ரெய்டைப் பாதி போனஸ், பாதி டச்னு பிரிச்சுக் குடுத்தாச் சரியாகுமா? இல்ல வேற கணக்கு இருக்கா?

கீழவீதி_கார்னர்:

தம்பி, பாதிப் பாதிங்கிற கணக்கு களத்துல நிக்காது. எதிரே எத்தனை பேர் நிக்கிறாங்க, நம்ம பக்கம் எத்தனை பேர் வெளியே உக்காந்திருக்காங்க, இந்த ரெண்டுதான் எதுக்குப் போகணும்னு சொல்லும்.

ஆறோ ஏழோ பேர் நின்னாத்தான் போனஸ் உண்டு. அஞ்சு ஆயிட்டா போனஸ் கோடு இருந்தும் இல்லாத மாதிரிதான். அப்ப உங்க உயரமான பையன் போனா, அவன்கிட்ட இருக்கிற ஒரே ஆயுதம் செத்துப் போச்சு. ரெண்டு பேரை வெளியேத்தி நல்ல நிலைக்கு வந்த நேரத்துல ரெய்டு காலியாத் திரும்புதுன்னா காரணம் இதுவாத்தான் இருக்கும். அதனால எதிரே ஆறு, ஏழு நிக்கும்போது அவனை முன்னாடி விடுங்க. அஞ்சு, நாலுக்கு வந்ததும் டச் பையன் வரிசையில முதல்ல வரணும். ஆள் மாறுற இந்த இடத்தை கேப்டன் வாயால சொல்லணும், பையங்களா முடிவு பண்ண விடக்கூடாது.

அடுத்தது நம்ம பக்கக் கணக்கு. தொட்டு எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் வெளியே இருக்கிற நம்ம ஆள் ஒருத்தர் உள்ளே வருவார். போனஸ் புள்ளிக்கு யாரும் வரமாட்டார். ஏழு பேரும் உள்ளே இருந்தா போனஸுக்கு ஒரு குறையும் இல்ல. மூணு பேர் வெளியே இருக்கும்போது வரிசையா நாலு போனஸ் எடுத்தாலும் பெஞ்சு அப்படியேதான் இருக்கும். ஸ்கோர் போர்டு நல்லாருக்கும், அடுத்த ரெண்டு நிமிஷத்துல ஏழு பேரும் வெளியே போய் ஆல் அவுட் ஆகி 2 புள்ளி சேத்துக் குடுத்திடுவீங்க.

இதெல்லாம் வெளிக்கணக்கு. உங்க அணியோட உண்மையான சிக்கல் வேற. ரெண்டு பையங்களும் கோட்டைத் தாண்டி உள்ளே நுழையும்போதே என்னத்துக்கு வர்றாங்கன்னு தெரிஞ்சு போகுது. போனஸும் டச்சும் ஒரே நடையில இருந்து கிளம்பணும். கார்னர் பின்னாடி போனாப் போனஸ், கார்னர் முன்னாடி பாஞ்சா அவனையே டச். ரெண்டுல எதுன்னு முடிவு பண்றது கார்னர்தான், ரெய்டர் இல்ல.

பார்க்க வேண்டிய இடம் கார்னரோட குதிகால். எடை பின்னாடி இருந்தா குதிகால் மேட்ல பதிஞ்சிருக்கும், அவன் பாய அரை நொடியாவது கூட ஆகும். அப்ப காலை நீட்டலாம். குதிகால் தூக்கி, முன்முட்டி மடங்கி, கை முழங்காலுக்குக் கீழே தொங்குதுன்னா அவன் ஆங்கிள் ஹோல்டுக்கு (கணுக்கால் பிடி) தயார். அந்த நேரம் போனஸுக்கு நீட்டுற மாதிரி இடுப்பை மட்டும் காட்டிட்டு, அவன் கை நீளும்போது பேக் கிக்கோ (பின்னுக்கு உதைச்சுத் தொடுறது) ஹேண்ட் டச்சோ போடணும். பாஞ்சவன் கை நம்மை நோக்கி வருது, அதைத் தொட ஆழமாப் போகவே தேவையில்ல.

இந்திய அணியோட முன்னாள் கேப்டன் அனூப் குமாரோட பழைய ஆட்டங்களைப் பையங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. போனஸுக்கும் டோ டச்சுக்கும் (கால் விரலால தொடுறது) பேர் போனவர். ரெண்டுக்கும் அவர் உள்ளே நடந்து வர்ற நடை ஒண்ணாத்தான் இருக்கும்.

திருப்பத்தூர்_கவர்:

மேல சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்பு இல்ல. நம்ம பக்கம் ஆள் குறைஞ்சாலே டச்சுக்குப் போகணும்ங்கிறது ஆபத்து. நம்மகிட்ட மூணு பேர்தான் இருக்காங்கன்னு வைங்க. அப்ப பிடிச்சா சூப்பர் டேக்கிள், 2 புள்ளி நமக்கு, ஒரு ஆளும் உள்ளே வருவார். அந்த மூணுல ஒருத்தனை அவசரப்பட்டு டச்சுக்கு அனுப்பி அவன் மாட்டினா, மிச்சம் ரெண்டு பேர் வச்சுப் பிடிக்கணும். ரெண்டு பேர் கை கோத்துச் செயின் போட்டாலும், கவருக்கு (நடுப்பக்கம் நின்னு பிடிக்கிறவன்) ஆள் இருக்காது.

மூணு பேர் இருக்கும்போது ரெய்டு 30 நொடியும் ஓடணும். பாக் லைனை (ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடு) தாண்டிட்டு, போனஸ் சும்மா கிடைச்சா எடுத்துட்டு, இல்லாட்டி காலியாத் திரும்பட்டும். புள்ளியைப் பிடியில எடுங்க. மூணாவது ரெய்டு டூ ஆர் டை ஆகும்ங்கிறதால, இந்த மாதிரி ரெண்டு தடவைதான் காலியாத் திரும்ப முடியும். அந்த ரெண்டை எங்க செலவழிக்கிறோம்ங்கிறதுதான் கேப்டனோட வேலை.

இதையே எதிர்ப்பக்கமும் பாருங்க. எதிரணியில மூணு பேர் நிக்கும்போது நம்ம ரெய்டர் மாட்டினா அவங்களுக்கு 2. அதே மூணு பேரையும் எடுத்தா நமக்கு 3, ஆல் அவுட்டுக்கு 2, ஆக 5. இந்த ஆசையிலதான் டச் பசங்க ஓடிப் போய் விழுறாங்க. மூணு பேர் நிக்கும்போது ஒவ்வொருத்தனா எடுக்கணும். பக்கவாட்டுல நீளமா ஓடி, தனியா நிக்கிற ஒருத்தனைக் கையால தொட்டுட்டு வந்துடணும். உள்ளே ஆழமாப் போகக் காரணமே இல்ல, அங்க போனஸும் கிடையாது.

பள்ளத்தூர்_அக்கா:

இதைப் பெண்கள் அணிக்கு எடுத்துக்கிறவங்க அளவை மாத்திக்கணும். ஆண்கள் களத்துல நடுக்கோட்டுல இருந்து பாக் லைன் 3.75 மீட்டர், அங்கிருந்து போனஸ் கோடு 1 மீட்டர், அதுக்குப் பின்னாடி 1.75 மீட்டர். அதாவது போனஸுக்கு 4.75 மீட்டர் போகணும். பெண்கள் களத்துல பாக் லைன் 3 மீட்டர், போனஸ் கோடு 4 மீட்டர்ல, பின்னாடி 2 மீட்டர். கோடு கிட்ட இருக்கு, கார்னருக்குப் பின்னால் இடமும் கொஞ்சம் கூடுதல். ஆனா லாபியை (களத்தோட ரெண்டு பக்க ஓரப் பட்டை) கழிச்சா அகலம் 6 மீட்டர்தான், ஆண்களுக்கு 8. ஏழு பேர் 6 மீட்டருக்குள்ள நின்னா இடைவெளி கம்மி, கவர் சீக்கிரம் வந்துடுவா. அதனால பெண்கள் ஆட்டத்துல போனஸுக்கு நீட்டுறது சுலபம், திரும்பறதுதான் கஷ்டம். ஆண்கள் ஆட்ட வீடியோவைப் பார்த்து அப்படியே சொல்லிக் குடுக்காதீங்க.

இன்னொண்ணு, போனஸ் கேட்டும் நடுவர் குடுக்கலைன்னு புலம்பல் நிறைய வரும். பெரும்பாலும் பின்கால்தான் காரணம். முன்கால் முழுசா கோட்டைத் தாண்டித் தரையில படும்போது, பின்கால் அந்தரத்துல இருக்கணும். விரல் நுனி கோட்டுக்கு இந்தப் பக்கம் உரசிக்கிட்டு இருந்தாலும் போனஸ் இல்ல. பயிற்சியில ஒருத்தர் கோட்டு மட்டத்துல தரையோட உக்காந்து பின்காலை மட்டும் பாத்துச் சொல்லட்டும். நின்னுக்கிட்டுப் பாத்தா அந்த உரசல் தெரியாது.

செம்மண்_களம்:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. டச் பையனைப் போனஸுக்குப் போகச் சொன்னா, கால் நீட்டுன இடத்துலயே மாட்டிக்கிறான். எடை 78 கிலோ. ஆங்கிள் ஹோல்டுல ஒரே பிடி, முடிஞ்சிடுது. அப்புறம் எங்களுக்குப் பயிற்சி செம்மண் தரையில, போட்டி மேட்ல. கல்லூரியில கொஞ்சம் துண்டு மேட்தான் கிடக்கு. எப்படிச் சமாளிக்கிறது?

கீழவீதி_கார்னர்:

எடை காரணமில்ல தம்பி, 85 கிலோ வரைக்கும் ஆடுற ஆட்டம் இது. அவன் முன்காலைக் குதிகால்ல ஊன்றான், அதான் மாட்டுறான். குதிகால்ல இறங்கினா கால் நேராகி முட்டி பூட்டிக்கும், அங்கிருந்து பின்னுக்குத் தள்ள பலம் வராது. பின்காலும் அந்தரத்துல இருக்கிறதால அந்தக் கணம் அவன் ஒத்தக்கால்ல நிக்கிறான். பாதத்தோட முன்பகுதி படணும், முட்டி மடங்கியே இருக்கணும், பட்ட வேகத்துல பின்னுக்குத் துள்ளணும். உடம்பு முன்னுக்குச் சாய்ஞ்சா துள்ள முடியாது. நெஞ்சு நிமிர்ந்து, கண்ணு கார்னர் மேல இருக்கட்டும். கோட்டைக் குனிஞ்சு பாக்கிறவன் கவர்கிட்ட டேஷ் (மோதித் தள்ளுறது) வாங்குவான். கோடு எங்க இருக்குன்னு பாக் லைன்ல இருந்து காலடி எண்ணிப் பழகணும்.

மேட் 1 மீட்டருக்கு 1 மீட்டர் பூட்டுற துண்டுதானே? 16 துண்டு போதும். நாலுக்கு நாலாப் பூட்டி, ஒரு கார்னர் மூலையில பின்கோட்டை ஒட்டிப் போடுங்க. பின்கோட்டுல இருந்து 4 மீட்டர் வருது, போனஸ் கோடும் பாக் லைனும் அதுக்குள்ள அடங்கி, பாக் லைனுக்கு முன்னாடி 1.25 மீட்டர் மிச்சம் இருக்கும். ரெய்டர் மண்ணுல ஓடி வந்து மேட்ல ஏற வேண்டாம், ஷூ அடியில ஒட்டுற மண்ணு வழுக்கும். மேட் மேலயே நின்னு தொடங்கட்டும். ஷூ போட்டே பழகட்டும். மண்ணுல வெறுங்கால் கொஞ்சம் சறுக்கிக் குடுக்கும், மேட்ல ஷூ பிடிச்ச இடத்துலயே பிடிச்சுக்கும், பழகாதவனுக்கு முட்டி திருகிக்கும். மண் தரையில முழு ஆட்டம் ஆடுறதுக்கு முன்னாடி சரளைக் கல்லைப் பொறுக்கித் தண்ணி தெளிச்சுடுங்க. நம்ம பக்கச் சரளை முழங்காலை நல்லாவே பதம் பாக்கும்.

அந்த மேட்ல கார்னர், அவனுக்கு அடுத்து நிக்கிற இன், கவர் மூணு பேரை நிறுத்துங்க. அவங்களுக்குப் பின்னாடி நீங்க நில்லுங்க, ரெய்டருக்கு உங்க கை மட்டும் தெரியணும். அவன் இடுப்பை இறக்கும்போது கையைத் திறந்து காட்டினாப் போனஸ், மூடிக் காட்டினா டச். பிடிக்கிறவங்களுக்கு எது வருதுன்னு தெரியாது. ஆளுக்கு 8 ரெய்டு, ஓய்வு, மறுபடி 8. ஒரு வாரம் போனதும் உங்க கையை எடுத்துடுங்க, கார்னர் குதிகாலைப் பாத்து அவனே முடிவு பண்ணட்டும். தொடங்கும் முன்ன பக்கவாட்டு லஞ்ச் (ஒரு காலைப் பக்கவாட்டுல அகல வச்சு முட்டியை மடக்கி இறங்குற பயிற்சி) ரெண்டு பக்கமும் எட்டெட்டு, மூணு சுற்று. இதை விட்டுட்டுக் காலை நீட்டப் பழகினா உள்தொடை பிடிச்சுக்கிட்டுப் போட்டி நாள்ல பெஞ்சுல உக்காருவான்.

உயரமான பையனுக்கு வேற பாடம். அவனை ஒரு வாரம் அஞ்சு பேருக்கு எதிரா மட்டும் அனுப்புங்க. போனஸே இல்லாத இடத்துல நின்னாத்தான் கை நீளும். அந்தக் கால் நீளத்துக்கு டோ டச் சுலபமா வரணும்.

தேவகோட்டை_ஸ்கோரர்:

பயிற்சி ஆட்டத்துலயே தாள் போட்டு எழுதுங்க. ஒவ்வொரு ரெய்டுக்கும் எதிரே எத்தனை பேர், எந்தப் பக்கம் போனான், எத்தனாவது நொடியில முயற்சி பண்ணினான், என்ன ஆச்சு, இந்த நாலு போதும். 40 நிமிஷ ஆட்டத்துல 30 நொடி ரெய்டுன்னா ஒரு அணிக்கு 40 ரெய்டு பக்கம் வரும். ரெண்டு ஆட்டம் எழுதினாலே யாரு எந்தப் பக்கம் மட்டும் போறான்னு தெரிஞ்சிடும். எதிரணி படிக்கிறது அதைத்தான்.

நொடியை விட்டுடாதீங்க. 25 நொடிக்கு மேல போனஸுக்கு நீட்டுறவன் பெரும்பாலும் மாட்டுவான், ஏன்னா திரும்பியே ஆகணும்னு எதிரணிக்கும் தெரியும், எல்லாரும் ஒரே நேரத்துல முன்னேறுவாங்க. 20 நொடிக்குள்ள முயற்சி நடந்துடணும்.

கடைசி நிமிஷக் கணக்கையும் இப்பவே சொல்லி வைங்க. 4 நிமிஷம் மிச்சம்னா மொத்தம் 8 ரெய்டு, நமக்கு 4. நாம 5 புள்ளி பின்னாடி இருந்தா, நாலுலயும் போனஸ் கிடைச்சாலும் எட்டாது. அப்ப ஆறு பேர் நின்னாலும் டச்சுக்குத்தான் போகணும். 3 புள்ளி பின்னாடின்னா முதல் ரெண்டு ரெய்டுல போனஸ் பாக்கலாம், அதுக்குள்ள நம்ம பிடி ஒண்ணு விழுந்தாக் கணக்கு நேராயிடும். முன்னாடி இருக்கிறவங்களா இருந்தா, லாபியில கால் வைக்காம இருக்கிறதுதான் முதல் வேலை. யாரையும் தொடாம லாபிக்குள்ள போன ரெய்டர் அவுட், அந்தப் புள்ளி எதிரணிக்குச் சும்மா போகுது.