நாளை கன்னியாகுமரி: சைக்கிளை ரயிலில் ஏற்றுவது பற்றியும் வேறு சில சந்தேகங்களும்

தாம்பரத்தான்:
ஸ்ரீநகரில் கிளம்பி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து வருகிறேன், இப்போது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் படுத்துக்கொண்டு இதைத் தட்டுகிறேன். 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலையில் இனி பாக்கி 85 தான். கிளம்புவது பற்றி எவ்வளவோ பேர் எழுதியிருக்கிறார்கள், ஆனால் முடிப்பது பற்றி எங்கே தேடினாலும் திருவள்ளுவர் சிலை தெரிய சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த போட்டோவோடு நின்றுவிடுகிறது, அப்புறம் அந்த ஆள் சைக்கிளோடு எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று யாருமே சொல்வதில்லை. எழும்பூருக்கு நாளைக்கே கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் பிடிக்கலாமா? ஆரல்வாய்மொழிக் காற்று சைக்கிளையே தள்ளிவிடும் என்கிறார்களே, ஐப்பசியிலும் அப்படியா? இன்னொன்று, நாக்பூர் தாண்டியதிலிருந்து இரண்டு கையிலும் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்தே கிடக்கின்றன. தூங்கி எழுந்தாலும் சரியாகவில்லை.

வள்ளியூர்க்காரன்:
வாங்க அண்ணாச்சி. காற்று வைகாசியில் ஆரம்பித்து புரட்டாசி வரைக்கும்தான் ஆளை அடிக்கும். மேற்கே மலை இடைவெளி வழியாகப் புகுந்து வருகிற தென்மேற்குப் பருவக்காற்று அது, முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பதே அதை நம்பித்தான். இப்போது வேகம் குறைந்திருக்கும். ஆனால் எதிர்க்காற்றாக வராது, வலப்பக்கத்திலிருந்து வரும். லாரி உங்களைத் தாண்டும்போது ஒரு நொடி காற்று மறைந்து, லாரி போனதும் பட்டென்று திரும்ப அடிக்கும், அந்த இடத்தில்தான் ஹேண்டில் ஆடும். நாங்குநேரி தாண்டியதும் ஓரத்தை ஒட்டிப் போகாமல் இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டுப் போங்கள். காவல்கிணறில் சாலை பிரியும், நாகர்கோவில் பக்கம் திரும்பாமல் நேராகப் பிடியுங்கள். உங்களுக்கு இப்போது கவலை மழைதான், மதியத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வரும். விடிவதற்குள் கிளம்பினால் தப்பிக்கலாம்.

பார்சல் ஆபீஸ் பழக்கம்:
நாளைக்கே ரயில் வேண்டாம் தம்பி. அந்த வண்டி மாலையில் புறப்படும், வழியில் ஒரு பஞ்சர் ஆனாலும் கடைசி இருபது கிலோமீட்டரைப் பதற்றத்தோடு மிதிப்பாய், இவ்வளவு தூரம் வந்தது அதற்கா? மறுநாளைக்கு டிக்கெட் போடு. கன்னியாகுமரியில் ஒரு பெரிய வசதி, ரயில் அங்கிருந்தேதான் புறப்படுகிறது, பிளாட்பாரத்தில் நிதானமாக நிற்கும். நடுவழி ஸ்டேஷனில் இரண்டு நிமிடம் நிற்கிற வண்டியில் பிரேக்வேனில், அதாவது சாமான் ஏற்றும் பெட்டியில், ஏற்றுவதற்குள் விசில் ஊதிவிடுவார்கள்.

கவுன்டரில் 'லக்கேஜ்' என்று சொல், 'பார்சல்' என்று சொல்லாதே. லக்கேஜ் என்றால் உன் டிக்கெட்டைக் காட்டி நீ போகும் வண்டியிலேயே வரும். பார்சல் என்றால் இடம் இருக்கிற வண்டியில் வரும், எழும்பூரில் நீ இறங்கிக் காத்திருக்க வேண்டியதுதான். புறப்பட இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடு. ஹேண்டிலைத் திருப்பிக் கட்டு, பெடலைக் கழற்று, லைட், மீட்டர், பாட்டில் எதையும் விட்டு வைக்காதே. கியர் இருக்கிற பக்கம் மேலே வரும்படி சாய்க்கச் சொல், பின் சக்கரத்தில் கியர் மாற்றுகிற டீரெய்லரை அட்டை வைத்துக் கட்டி, மொத்தத்தையும் சாக்கில் தைத்துவிடு. பெயர், பிஎன்ஆர், இறங்கும் ஊர் மூன்றையும் மார்க்கரில் இரண்டு இடத்தில் எழுது. ரசீதைத் தொலைத்தால் இறங்கின இடத்தில் உன் சைக்கிளை உன்னுடையது என்று நிரூபிக்க நாய்படாத பாடு படுவாய்.

தாம்பரத்தான்:
நன்றி அண்ணே, மறுநாளைக்கே போட்டுவிடுகிறேன். இடது பெடல் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது, வலது சுலபமாக வந்துவிட்டது.

பார்சல் ஆபீஸ் பழக்கம்:
இடது பெடலுக்கு மரை தலைகீழ். கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். இதுவரை திருப்பினதில் இன்னும் இறுகியிருக்கும், 15 எம்எம் ஸ்பேனரின் பிடியை நீளமாக்கிக்கொள்.

பிசியோ அக்கா:
விரலைப் பற்றி யாருமே பேசவில்லையே! சுண்டுவிரலும் மோதிர விரலும் சேர்ந்து மரத்தால், அந்த விரல்களுக்குப் போகிற அல்நார் நரம்பு உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம், நசுங்கியிருக்கிறது என்று பொருள். நாள் முழுக்க அதே இடத்தில் ஹேண்டிலில் எடையைப் போட்டால் வரும், நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்குச் சகஜம். பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் சரியாகும். ஆனால் சட்டைப் பொத்தான் போட வரவில்லை, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்த காகிதத்தை உருவினால் பிடிக்க முடியவில்லை என்றால் அது வெறும் மரப்பு இல்லை, தசை பலம் குறைகிறது, ஊருக்கு வந்ததும் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். நாளைக்கு 85 கிலோமீட்டரும் ஒரே பிடியில் போகாதீர்கள், கையை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் பசி. உடம்புக்கு நீங்கள் நிறுத்திவிட்டது தெரியாது, இன்னும் கொஞ்ச நாளைக்கு ஆறு பரோட்டா கேட்கும்.

கொல்லம் ரோடு:
எல்லோரும் ஒரு நாள் தங்கச் சொல்கிறார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தனியாக ஓட்டி வந்தவனுக்குக் கன்னியாகுமரியில் வெறுமனே ஒரு நாள் உட்கார்ந்திருப்பது கொடுமை. சுற்றிலும் குடும்பம் குடும்பமாகச் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நமக்கு மட்டும் காலையில் எழுந்து போக ஊர் இருக்காது. அன்றைக்கே கிளம்பி வீட்டு ஆட்களோடு இருப்பதுதான் நல்லது.

வள்ளியூர்க்காரன்:
சும்மா ஏன் உட்கார வேண்டும்? மதியத்துக்குள் போய்விட்டால் விவேகானந்தர் பாறைக்குப் படகு கிடைக்கும், அங்கிருந்து கண்ணாடிப் பாலத்தில் நடந்து சிலைக்குப் போகலாம். நாலு மணிவாக்கில் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள், கடல் சீறினால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். சைக்கிளை லாட்ஜில் பூட்டிவிட்டுப் போங்கள். போட்டோவுக்காக மணலில் மட்டும் இறக்காதீர்கள், உப்பும் மணலும் செயினில் ஏறினால் அப்படியே சாக்கில் தைத்து அனுப்புவீர்கள், வீட்டில் பிரிக்கும்போது துரு பிடித்திருக்கும். காந்தி மண்டபம் பக்கமே நல்ல படம் கிடைக்கும். ஸ்டேஷன் அங்கிருந்து பக்கம்தான், தள்ளிக்கொண்டே போய்விடலாம்.