அளவுத்திருத்தமும் அளவொப்பீடும்: சிஎன்சி அச்சுகளுக்கான கலைச்சொற்கள்

ஒரு கருவி காட்டும் அளவு சரியா என்று சோதிக்கும் கேலிபிரேஷன் என்பதற்கு அளவுத்திருத்தம் என்னும் சொல் பரவலாக வழங்குகிறது. வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை எளிதில் அசைக்கக் கூடாது என்பதே என் பொதுவான நிலைப்பாடு. ஆயினும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும், கணினிக் கட்டளைப்படி பொருளை வெட்டிச் செதுக்கும் சிறிய சிஎன்சி மில்லிங் இயந்திரத்திற்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதும்போது, அச்சொல் பயனரைத் தவறான வேலைக்கு அனுப்பிவிடுகிறது. சோதித்து முடிக்கும் முன்பே திருத்து என்று அது சொல்லிவிடுகிறது.

இயந்திரத்தின் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். சிறு சிறு படிகளாகத் திரும்பும் வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு படிக்கு 1.8 பாகை திரும்பும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். மோட்டாரை இயக்கும் மின்சுற்றான டிரைவரில் ஒவ்வொரு படியையும் எட்டு நுண்படிகளாகப் பிரித்தால் சுற்றுக்கு 1600 நுண்படிகள் ஆகும். மோட்டார் சுழற்றும் திருகுத்தண்டு ஒரு சுற்றில் மேசையை 8 மிமீ நகர்த்துமானால், ஒரு மில்லிமீட்டருக்கு 200 நுண்படிகள் என்று எண் கிடைத்துவிடுகிறது. இதைப் படிவீதம் என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. வீதம் என்றதும் வினாடிக்கு எத்தனை படி என்ற வேகக் கணக்கு நினைவுக்கு வரும், அதுவும் இதே இயந்திரத்தில் வேண்டியிருக்கிறது. மில்லிமீட்டருக்கான படியெண், சுருக்கமாகப் படியெண் என்பது போதும்.

இந்த இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்சொன்ன தண்டில் அடுத்தடுத்த புரிகளுக்கு இடையேயுள்ள தூரம் 2 மிமீ மட்டுமே. நான்கு புரிகள் இணையாகச் சுற்றி வருவதால்தான் ஒரு சுற்றுக்கு 8 மிமீ நகர்வு கிடைக்கிறது. பள்ளியில் படித்த திருகு அளவியில் புரி ஒன்றே என்பதால் புரியிடைத்தூரம் என்ற ஒரு சொல்லே இரண்டுக்கும் ஈடுகொடுத்தது. இங்கே அதையே எழுதினால் படியெண் நான்கு மடங்காகிவிடும். எனவே ஒரு சுற்றில் கிடைக்கும் நகர்வுக்குச் சுற்றுநகர்வு என்று ஒரு தனிச்சொல் வேண்டும்.

இனித் தலைப்புச் சொல்லுக்கு வருகிறேன். ஓர் அச்சை (இயந்திரம் நகரும் திசைகளுள் ஒன்றை) 100 மிமீ நகரச் சொல்கிறோம், அளந்தால் 99.85 மிமீ. பழைய படியெண்ணை 100ஆல் பெருக்கி 99.85ஆல் வகுத்தால் ஏறத்தாழ 200.30 வருகிறது, அதை உள்ளிட்டுவிட்டு அளவுத்திருத்தம் முடிந்தது என்கிறோம். ஆனால் 50 மிமீ நகரச் சொன்னபோதும் இதே 0.15 மிமீ குறைந்திருந்தால், பிழை படியெண்ணில் இல்லை. தூரத்தோடு சேர்ந்து வளராத பிழை படியெண்ணிலிருந்து வர முடியாது. திசை மாறும்போது தண்டுக்கும் நட்டுக்கும் இடையில் வீணாகும் ஆட்டமே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். புதிய எண்ணோடு அதே திசையில் தொடர்ந்து 200 மிமீ போனால், முன்பு சரியாக நின்ற அச்சு இப்போது 0.30 மிமீ தாண்டி நிற்கும். பட்டறைகளில் ஏற்கெனவே புழங்கும் ஆட்டம் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு, பேக்லாஷ் என்பதற்குத் திசைமாற்ற ஆட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சோதிப்பது, திருத்துவது என்ற இவ்விரு செயல்களையும் அளவீட்டு அறிவியலான அளவையியலே பிரித்துத்தான் வைத்திருக்கிறது. கருவி காட்டும் மதிப்புக்கும் நம்பகமான அளவைக்கும் உள்ள உறவை நிறுவுவது ஒன்று. அதன் பிறகு கருவியைச் சரிசெய்வது வேறொன்று. பன்னாட்டு அளவையியல் சொற்கோவையும் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று குறிப்பிடுகிறது. ஆகவே முதற்செயலுக்கு அளவொப்பீடு என்ற சொல்லை முன்மொழிகிறேன். திருத்தம் என்பது இரண்டாவதற்கு மட்டும் நிற்கட்டும்: படியெண் திருத்தம், ஆட்டத் திருத்தம் என்று எதைத் திருத்துகிறோமோ அதன் பெயரோடு வரட்டும். முதற்செயலைத் தரப்படுத்தல் என்று சொல்லலாமே என்றால், அச்சொல் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. அளவுகோடிடல் கண்ணாடிக் குழாயில் கோடு பொறிப்பதற்குப் பொருந்துமே தவிர, ஓடும் அச்சுக்கு ஒட்டவில்லை. அளவொப்பீட்டிலிருந்து அளவொப்பிடு, அளவொப்பிட்ட அச்சு, அளவொப்பீட்டு அட்டவணை எனச் சொற்கள் தடையின்றிக் கிளைக்கின்றன.

ஒப்பீடு என்பது எதனோடு எதை என்று கேட்க வைக்கும் என்பது ஓர் எதிர்வாதம். அதையே இச்சொல்லின் வலிமையாகக் கருதுகிறேன். வெட்டியெடுத்த துண்டை வெர்னியரால் அளப்பவர், வெட்டுக்கருவியின் உண்மையான விட்டத்தையும் அது வளைந்துகொடுத்த அளவையும் சேர்த்தே அளக்கிறார். அச்சின் நகர்வோடு ஒப்பிட வேண்டுமென்றால் நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரை மேசைக்கு எதிரே பொருத்தி, எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகி அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிழை வேறுபட்டால் படிகள் தவறுகின்றன என்று ஐயுற்று முடுக்கத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் திருத்துவதற்கு எந்த எண்ணும் இல்லை.

சுழலும் நான்காம் அச்சு மட்டும் இதில் முழுமையாக அடங்கவில்லை. அங்கே மில்லிமீட்டர் இல்லை என்பதால் பாகைக்கான படியெண் என்று விரித்தே எழுத வேண்டும். சுற்றுநகர்வு என்ற சொல்லுக்கும் அங்கே வேலையில்லை. அதற்குப் பதிலாகப் பல்லிணை (கியர்) விகிதம் பொருந்துமா என்பதை அடுத்து எடுத்துக்கொள்ளலாம்.