தமிழ்ப் பள்ளிப் பையன் கையில் பெல்ட் தடம், யாரிடம் சொல்வது?

கொன்றைப்பூ:
வணக்கம். கலிபோர்னியாவில் ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளியில் சம்பளம் இல்லாமல் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் 8 வயதுப் பையன் ஒருவன் எழுதும்போது சட்டைக் கை மேலே ஏறியது, முழங்கைக்கு மேல் பட்டை பட்டையாகக் கன்றிப் போயிருந்தது. என்னடா என்றேன். "அப்பா பெல்ட், கணக்குல தப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நாமும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம் என்கிறார் வீட்டுக்காரர். அப்பாவிடம் தனியாகப் பேசிப் பார்க்கலாமா? எச்1பி என்கிற வேலை விசாவில் இருக்கிற குடும்பம், நான் போய்க் கலைத்துவிடுவேனோ என்று பயம்.

டாலஸ்வாசி:
அவசரப்படாதீர்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போகும் ஒரு போனில் வேலை, விசா எல்லாம் போய்விடும். முதலில் பெற்றோரிடம் பேசுங்கள்.

வகுப்பறை_ஜன்னல்:
அக்கா, தயவுசெய்து அப்பாவிடம் பேசாதீர்கள். டீச்சர்கிட்ட சொன்னியா என்று அன்றிரவே அதே பெல்ட் வரும். நானும் கலிபோர்னியாவில்தான், அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்களைப் போன்றவர்கள், டாக்டர்கள், போலீஸ்காரர்கள் எல்லாம் சந்தேகம் வந்த உடனே அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து, 36 மணி நேரத்துக்குள் எழுத்திலும் தர வேண்டும், தவறினால் 6 மாதம் வரை சிறையோ 1000 டாலர் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். உங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் நீங்களும் சொல்வது நல்லது என்று சட்டத்திலேயே இருக்கிறது. டாலஸ் நண்பரே, உங்கள் டெக்சாஸில் ஆசிரியர், அக்கம்பக்கம் என்ற பேதமே கிடையாது, சந்தேகம் வந்த யாரும் சொல்லியாக வேண்டும், நியூஜெர்சியிலும் அப்படித்தான். அப்புறம் அக்கா, ஆதாரம் தேட வேண்டாம், நியாயமான சந்தேகம் போதும். பையனையும் துருவாதீர்கள், அவன் சொன்னதைச் சொன்னபடியே தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இரண்டு_பிள்ளை_அப்பா:
அந்த அலுவலகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கே வந்தார்கள், யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஒரு பெண்மணி வந்து சமையலறை, படுக்கையறை எல்லாம் பார்த்தார், பிள்ளைகளிடம் தனியாகப் பேசினார். கோபத்தில் நான் கத்துவதும் அடிப்பதும் உண்மை, மறுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, பெற்றோருக்கான வகுப்புக்குப் போகச் சொன்னார்கள், போனேன், நல்லதாகத்தான் போயிற்று. பெற்றோர் லேசாகத் தட்டுவதை எந்த மாநிலமும் குற்றம் என்று சொல்லவில்லை, தடம் விழ அடிப்பது வேறு. விசாவைப் பற்றி: இந்த அலுவலகம் கவுண்டியை, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகத்தைச் சேர்ந்தது, குடியேற்றத் துறை இல்லை. ஆனால் வழக்காகி நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால் நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம், அந்தக் கட்டம் வருமுன் அவர்கள் வக்கீலைப் பார்ப்பது நல்லது. அதற்காகப் பையன் அடி வாங்கிக்கொண்டே இருக்க முடியாது.

கொன்றைப்பூ:
இன்று காலை கவுண்டி எண்ணுக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம் என்றார்கள், நான் பெயரையும் சொல்லிவிட்டேன். நேரில் போய்ப் பார்க்க அதிகபட்சம் 10 நாள், ஆபத்து என்று தெரிந்தால் உடனே போவார்களாம். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் கை நடுங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவன் வகுப்புக்கு வருகிறானா என்று பார்க்க வேண்டும்.