ஊதாவா, சிவப்பா: ஸ்லைடில் ஏமாந்ததும் பிழைத்ததும்

லேப் டெக்னீஷியன், திருச்சி:

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். தொடையில் பெரிய கட்டியோடு வந்த ஒருவரின் சீழை எடுத்து கிராம் சாயம் (கிருமிகளை ஊதா, சிவப்பு என இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் முறை) போட்டுப் பார்த்தேன். திராட்சைக் கொத்து மாதிரி உருண்டைக் கிருமிகள். வடிவத்தைப் பார்த்தால் ஸ்டஃபைலோகாக்கஸ். ஆனால் நிறம் இளஞ்சிவப்பு! ஊதாவாக அல்லவா இருக்க வேண்டும்? கண்ணில் பட்டதைத்தானே எழுத வேண்டும் என்று, கிராம் நெகட்டிவ் (சிவப்பாகத் தெரியும் வகை) என எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா தடுத்தார். "தெரிஞ்ச ஸ்டாஃப் ஒண்ணு, ஈ.கோலை ஒண்ணு, ரெண்டையும் ஒரே ஸ்லைடுல தடவி இதே சாயத்தைப் போட்டுப் பாரும்மா" என்றார். போட்டேன். ஸ்டாஃப் ஊதாவாகவும் ஈ.கோலை சிவப்பாகவும் இருந்திருக்க வேண்டும்; ஆனால் இரண்டுமே இளஞ்சிவப்பு. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சாயத்தைக் கழுவும் ஆல்கஹால் தீர்ந்துபோய் யாரோ அதே பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி வைத்திருக்கிறார்கள். அசிட்டோனுக்கு இரண்டு மூன்று நொடி போதும். நான் ஆல்கஹாலுக்குப் பழகிய கையோடு பதினைந்து நொடி விட்டிருக்கிறேன்.

கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயமும் அயோடினும் செல்லுக்குள் ஒன்றாகச் சேர்ந்து கட்டிக்கொள்கின்றன. ஊதாவாகத் தெரியும் கிராம் பாசிட்டிவ் கிருமியின் சுவர் தடிமன் என்பதால், ஆல்கஹால் பட்டதும் ஈரம் வற்றி இறுகி, சாயத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது. கிராம் நெகட்டிவில் வெளிப்பக்கக் கொழுப்புச் சவ்வு கரைந்துவிடும்; உள்ளே இருக்கும் மெல்லிய சுவரால் சாயத்தைத் தாங்க முடியாது; பிறகு போடும் சிவப்புச் சாயம்தான் அதில் தெரியும். ஆனால் அளவுக்கு மீறிக் கழுவினால் தடித்த சுவரும் சாயத்தை விட்டுவிடும். பழைய கல்ச்சரில் (லேபில் வளர்த்த கிருமிக் கூட்டத்தில்) எடுத்த கிருமியும் அப்படித்தான், சுவர் நைந்து போயிருக்கும்.

அக்கா சொல்லித்தந்த இன்னொன்றை இன்றும் விடுவதில்லை. சீழ் ஸ்லைடில் கிருமியைத் தேடும் முன் வெள்ளையணுக்களைப் பார்க்க வேண்டும். அவற்றின் உட்கரு சிவப்பாக இருக்க வேண்டும். ஊதாவாகத் தெரிந்தால் கழுவியது போதவில்லை, அந்த ஸ்லைடை நம்பக் கூடாது.

கல்லூரி ஆசிரியர்:

அக்கா சொன்னது பொன்னான பாடம். மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்லும் ஒன்றை இங்கே சேர்க்கிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் பெர்லினில் இந்த முறையை வெளியிட்டபோது, கிருமிகளை இரண்டு கட்சியாகப் பிரிப்பது அவர் நோக்கமே இல்லை. நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவுக்குள் கிருமியைத் தெளிவாகப் பார்க்க விரும்பினார், அவ்வளவுதான். டைஃபாய்டு கிருமி போன்றவை நிறம் இழப்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். நாம் போடும் சிவப்புச் சாயம் பிறகு வந்து சேர்ந்தது.

சளிப் பரிசோதனை செய்தவர், ஆரம்ப சுகாதார நிலையம்:

நான் பல வருடம் பார்த்தது காசநோய் ஸ்லைடுதான். தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒடித்து, அதன் முனையால் சளியில் கெட்டியான இடமாகப் பார்த்து எடுத்துத் தடவுவோம். காய்ந்த பிறகு ஸ்லைடைச் செய்தித்தாள் மேல் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் தடவியது கனம். கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் தீ காட்டி, ஆவி எழும்வரை சூடாக்குவோம். கொதிக்கவும் விடக் கூடாது, காயவும் விடக் கூடாது. அப்புறம் 25 சதவீத சல்ஃபூரிக் அமிலம், கடைசியில் மெத்திலீன் ப்ளூ. மெழுகு போன்ற மைக்கோலிக் அமிலம் சுவரில் இருப்பதால், அமிலத்துக்கும் அசையாமல் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாக நிற்கும் காசநோய்க் கிருமி.

ஒரு அம்மா, இரண்டு மாத இருமல். வந்த அன்று எடுத்த சளியில் 100 புலம் (மைக்ராஸ்கோப்பில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம்) பார்த்தும் ஒன்றும் இல்லை. மறுநாள் காலைச் சளியில் அறுபதைத் தாண்டித்தான் முதல் கிருமி கண்ணில் பட்டது. 100 புலம் முடிக்கும்போது நான்கு. 100 புலத்துக்கு ஒன்று முதல் ஒன்பது வரை என்றால் 'ஸ்கேன்டி' (மிகக் குறைவு) என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். அப்படியே எழுதினேன். ஐம்பதில் எழுந்திருந்தால் அவரை வெறும் இருமல் மருந்தோடு அனுப்பியிருப்போம். இப்போது ஒளிரும் சாயம், ஜீன் சோதனை எல்லாம் வந்துவிட்டன, மகிழ்ச்சி. ஆனாலும் அந்த நான்கு சிவப்புக் குச்சிகள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

மருத்துவ மாணவி:

எனக்கு நேர் எதிர் அனுபவம், அண்ணா. எங்கள் லேபில் ஒரே வாரத்தில் வழக்கத்துக்கு மாறாக நிறைய ஸ்லைடில் சிவப்புக் குச்சிகள். கிருமியே இல்லாத கன்ட்ரோல் ஸ்லைடிலும் இரண்டு தெரிந்தன. எங்கள் மேடம் உடனே எல்லா ரிப்போர்ட்டையும் நிறுத்திவிட்டு, கழுவும் தண்ணீர் கேனைத் திறந்து அடியில் இருந்த வழவழப்பை எடுத்துச் சாயம் போடச் சொன்னார். அத்தனையும் சிவப்பு. தண்ணீரிலேயே வாழும், காசநோய்க் கிருமியின் இனம்தான் என்றாலும் காசநோய்க்குத் தொடர்பில்லாத மைக்கோபாக்டீரியா அவை. கேனை மாற்றி, அந்த வாரத்து நோயாளிகள் எல்லோரிடமும் மறுபடி சளி வாங்கினோம்.

லேப் டெக்னீஷியன், திருச்சி:

தங்கச்சி, அந்தக் கேனை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவிக்கொண்டிருந்தீர்கள்? நாளைக்குக் காலையில் முதல் வேலையாக எங்கள் கேனின் அடியிலிருந்து ஒரு ஸ்லைடு போடப் போகிறேன்.