கல்யாணப் பரிசாக வீட்டில் பீர் தயாரிக்கும் கிட் கொடுக்கலாமா?

பாளைக்காரன்:
ஆவணியில் என் கல்லூரித் தோழனுக்குக் கல்யாணம். அம்பாசமுத்திரம் பையன், மான்செஸ்டரில் வேலை. பெண் வள்ளியூர். கல்யாணமும் ரிசப்ஷனும் திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில். ஒரு மாதம் கழித்து இருவரும் மான்செஸ்டர் போகிறார்கள்.

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பரிசு கொடுக்க நினைக்கிறோம். குத்துவிளக்கும் சுவர்க்கடிகாரமும் எப்படியும் நாலைந்து வந்துவிடும். அவனுக்குச் சமையலில் தீராத ஆசை. ஹாஸ்டல் அறையிலேயே தயிர் உறைய வைத்து, மாவு புளிக்க வைத்துப் பார்த்தவன். அங்கே போனபிறகு வீட்டில் பீர் போடுவதைப் பற்றி ஒரு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறான், இன்னும் தொடங்கவில்லை. அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கான கிட் ஒன்றை வாங்கி ரிசப்ஷன் மேடையில் கொடுக்கலாம் என்பது என் யோசனை. எங்கள் நால்வரில் ஒருவன் வேண்டவே வேண்டாம் என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

குறுக்குத்துறை:
வேண்டாம் தம்பி. நம் பக்கம் மாப்பிள்ளை பார்க்கும்போது முதலில் விசாரிப்பதே 'பையன் குடிப்பானா' என்றுதான். அதை நாலு இடத்தில் விசாரித்து, மனம் நிறைந்து பெண் கொடுக்கிறவர்கள் முன்னால் இந்தப் பெட்டியை நீட்டினால், மறுவீட்டுக்குப் போகிற பையன் எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவான்? மறுநாள் சொதிச் சாப்பாட்டுப் பந்தியில் இதே பேச்சாகத்தான் இருக்கும். பரிசு கொடுத்த நீங்கள் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

நுரைப்பிரியன்:
நான் தென்காசிக்காரன், இப்போது லீட்ஸில் இருக்கிறேன். மூன்று வருடமாக வீட்டில் பீர் போடுகிறேன். கொடுங்கள் என்பதுதான் என் பதில்.

கிட் என்றதும் சாராய அடுப்பு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி. மூடியில் செருக ஒரு ஏர்லாக், அதாவது உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய். சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க ஹைட்ரோமீட்டர். கசப்புக்கு ஹாப்ஸ் என்ற பூ சேர்த்த மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லிப் பாகு ஒரு டின், அதைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் ஒரு பாக்கெட், பாத்திரங்களில் கிருமி நீக்கும் பொடி. பாகை வெந்நீரில் கரைத்து, சர்க்கரை போட்டு, 23 லிட்டர் வரை தண்ணீர் விட்டு, சூடு 20 டிகிரிக்கு இறங்கியதும் ஈஸ்டைத் தூவி மூடவேண்டும். காய்ச்சி வடிக்கிற வேலையே கிடையாது. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். மால்ட்டை ஈஸ்ட் புளிக்க வைப்பதில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாகாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பவேண்டாம்.

இந்த வேலைக்குச் சுத்தமும் பொறுமையும்தான் முக்கியம். ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டினால்தான் பாட்டிலில் அடைக்கலாம். முதல் தடவை நான் அவசரப்பட்டு ஆறாம் நாளே அடைத்தேன். சர்க்கரை இன்னும் புளித்துக்கொண்டிருந்தது. நடுராத்திரியில் அலமாரிக்குள் இரண்டு பாட்டில் வெடித்து, கதவெல்லாம் கண்ணாடிச் சில்லு. பக்கத்தில் யாரும் இல்லாதது கடவுள் புண்ணியம். அதற்குப் பிறகு அவசரப்பட்டதே இல்லை.

இங்கிலாந்தில் வீட்டுத் தேவைக்கு பீர் போட 1963 முதல் உரிமம் தேவையில்லை. விற்கத்தான் கூடாது. அமெரிக்காவில் 1978-இல் வந்த சட்டப்படி, இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை போட்டுக்கொள்ளலாம். உலகத்தில் இது ஒரு சாதாரணப் பொழுதுபோக்கு.

கோர்ட்டுத்தெரு:
லீட்ஸில் சாதாரணம், சரி. திருநெல்வேலியில் 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்கு, சொந்தத் தேவைக்கு என்று எந்த விலக்கும் இல்லை. அதோடு, தயாரிப்பதற்கென்று பொருளோ கருவியோ வைத்திருப்பதும் அதே 4-ஆம் பிரிவில் வருகிறது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-இல் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள்.

வெறும் வாளியும் குழாயும் யாரையும் சிறைக்கு அனுப்பாது. ஆனால் 'பீர் தயாரிக்க' என்று பெட்டியிலேயே அச்சிட்டு, ஈஸ்டும் மால்ட்டும் உள்ளே இருக்க, நானூறு பேர் முன்னால் மாப்பிள்ளை கையில் கொடுக்கிறீர்கள். இங்கே அதற்குப் பெயர் ஊறல், அதாவது சாராயத்துக்குப் புளிக்கப் போடுகிற சரக்கு. வேண்டாதவர் ஒருவர் புகார் கொடுத்தால் போதும். கடைசியில் வழக்கு நிற்காமல் போகலாம். அதற்குள் விமானத்துக்கு நாள் வந்துவிடும்.

பாளைக்காரன்:
சட்டம் இவ்வளவு தூரம் வரும் என்று நான் யோசிக்கவே இல்லை, சார். நன்றி. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அரசாங்கமே தெருவுக்குத் தெரு டாஸ்மாக் கடை வைத்து விற்கிறது. அங்கே வாங்கிக் குடிக்கலாம், வீட்டில் அளவாகச் செய்து பார்த்தால் குற்றமா?

தேரிக்காடு:
தம்பி, இந்தக் கேள்வியை எங்கள் தாத்தா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் திசையன்விளைப் பக்கம் பனையேறிக் குடும்பம். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றில் இருக்கிற ஈஸ்டே வேலையைத் தொடங்கி, சில மணி நேரத்தில் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, சீவுகிற அரிவாளும் ஒன்று. 1987 முதல் இந்த மாநிலத்தில் கள் இறக்கத் தடை. ஒரு பங்குனியில், நல்ல வெயில், சுண்ணாம்பு போதாமல் இரண்டு கலயம் புளித்துவிட்டது. அது எப்படி நடந்தது என்று கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. கலயங்களை உடைத்தார்கள், தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அபராதம் கட்ட ஆச்சி இரண்டு வெள்ளாட்டை விற்றாள். அதற்குப் பிறகு என் அப்பாவைத் தாத்தா மரத்தில் ஏறவே விடவில்லை. எங்கள் வீட்டில் அந்தத் தொழில் அன்றோடு முடிந்தது.

அதே புளிப்பு இப்போது வழவழப்பான அட்டைப்பெட்டியில், விளக்கப் புத்தகத்தோடு வருகிறது. படித்த பிள்ளைகள் அதை ஒரு கலை என்கிறார்கள். கலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கலை தெரிந்தவர்கள் இங்கே பனைக்கு அடியிலேயே இருந்தார்கள், அவர்களைக் குற்றவாளி ஆக்கினோம். பனையேறிக்கு இல்லாத உரிமையை இந்த மண்ணில், ஒரு கல்யாண மேடையில், பரிசாகக் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

நுரைப்பிரியன்:
அண்ணாச்சி, உங்கள் கோபம் நியாயம். கள்ளுக்கு அனுமதி வேண்டும் என்று நானும் சொல்வேன். ஆனால் அந்தத் தடைக்கு இந்த மாப்பிள்ளை பொறுப்பில்லையே. அவன் ஆசைப்படுவதை, அவன் வாழப்போகிற ஊரில், அந்த ஊர்ச் சட்டப்படி செய்யட்டும்.

ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். நெல்லையில் வைத்துக் கொடுக்கவேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இங்கே அதை வைத்து ஒன்றும் செய்யவும் முடியாது. கிட்டில் வருகிற ஈஸ்ட் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரியில்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆவணியிலும் இங்கே பகலில் 35-ஐத் தொடும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தறிகெட்டு ஓடி, பெயிண்ட் கலக்கும் தின்னர் மாதிரி ஒரு வாடை வந்துவிடும். நம் வெயில் இட்லி மாவுக்குத்தான் சரி. மான்செஸ்டரில் வீட்டு மூலையில் வைத்தாலே போதும்.

வள்ளியூர்மதினி:
எல்லாரும் மாப்பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள். கல்யாணப் பரிசு இரண்டு பேருக்கு.

என் அப்பா குடித்தார். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணி ஆனால் அம்மா வாசலைப் பார்க்கத் தொடங்குவாள். செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு இரவு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்குக் கல்யாணம் ஆகி இருபது வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஒரு சொட்டுத் தொடாதவர். இன்னும் ஆறு மணிக்கு என் காது வாசலுக்குத்தான் போகிறது.

அந்தப் பெண்ணின் வீட்டில் அப்படி ஒரு ஆள் இருந்தாரா என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரியாத ஊருக்கு, தெரியாத குளிருக்குப் போகிறாள். அங்கே முதன்முதலாக அவள் பிரிக்கிற பெட்டியில் இது இருந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? ஆல்கஹால் 5 சதவீதம்தான், சாராயம் இல்லை, பொழுதுபோக்கு என்று நீங்கள் சொல்லும் விளக்கம் எதுவும் அந்த நேரத்தில் உதவாது. அவளிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பாளைக்காரன்:
அக்கா, இரண்டு நாளாக உங்கள் பதிலையே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அவளிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் நண்பனிடம் விஷயத்தை உடைத்துச் சொல்லி, அவளிடமே பேசச் சொன்னேன். பரிசு இனி ரகசியம் இல்லை, போகட்டும்.

அவள் வீட்டில் அப்படி யாரும் இல்லையாம். ஆனால் மேடையில் வேண்டாம், அப்பா மனது கஷ்டப்படும் என்றாளாம். மான்செஸ்டர் வந்து, குடித்தனம் போட்டு, ஒரு ஆறு மாதம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறாள். எங்களுக்கு அது போதும். அங்கே இருக்கிற நண்பர்கள் மூலமாக அடுத்த வருடம் வாங்கிக் கொடுப்போம், அவள் சரி என்றால் மட்டும். மேடையில் கொடுப்பதற்கு, இரண்டு பேர் பெயரும் போட்ட பத்தமடைப் பாய் சொல்லலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

தேரிக்காடு:
பாயோடு ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டியும் வையுங்கள். வேண்டுமானால் நான் அனுப்புகிறேன், காசு வேண்டாம்.

வள்ளியூர்மதினி:
ஆறு மாதம் கழித்தும் எனக்கு மனம் ஒப்பாது தம்பி, மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவளைக் கேட்டீர்கள், அதற்கு நன்றி. பாய் நல்ல யோசனை. பட்டுப்பாய் என்று கேட்டு வாங்குங்கள், அதில்தான் கோரையை மெல்லிசாகக் கிழித்து நெய்வார்கள், சுருட்டிப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுபோகலாம். பெயர் போட்டு நெய்யச் சில வாரம் பிடிக்கும். ஆடி பிறக்கும் முன்னால் போய்ச் சொல்லிவிடுங்கள். பெண் பெயரின் எழுத்தை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள், என் தங்கை கல்யாணத்துக்கு வந்த பாயில் 'ள' போய் 'ல' வந்துவிட்டது.